பீன்ஸ் ஆறாத கூட்டம்

ஆர்வில் டட்டனுக்கு ஊர் கொடுத்த முதல் பதவி, பன்றிக் காவலர்.

1970ஆம் ஆண்டு, மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. பெல்டன் ஊர்க்கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து யாரோ அவர் பெயரைச் சொன்னார்கள். இன்னொருவர் வழிமொழிந்தார். மண்டபமே சிரித்துக்கொண்டு "ஆம்" என்றது. அந்த வருடம் கல்யாணமான ஆணைத்தான் பன்றிக் காவலராக்குவார்கள். வெர்மான்ட் மலைகளில் காடு வெட்டிக் குடியேறிய காலத்தில், வேலி தாண்டித் திரியும் பன்றிகளைப் பிடித்து அடைக்க நிஜமாகவே ஓர் ஆள் தேவைப்பட்டது. பிறகு பன்றிகள் போய்விட்டன. புது மாப்பிள்ளையைக் கேலி செய்யப் பதவி மட்டும் மிஞ்சியது.

"பன்னி பிடிக்கத் தெரியுமா மாப்பிள்ளை?" என்று ஒருவர் கத்தினார்.

"ரோவீனாவையே பிடிச்சிருக்கேன். அவளவிட வேகமா எந்தப் பன்னி ஓடும்?" என்றார் ஆர்வில்.

மண்டபம் இன்னொரு தடவை அதிர்ந்தது. கீழ்த்தளத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த புது மனைவி ரோவீனாவுக்கு, தலைக்கு மேலே நாற்காலிகள் கிறீச்சிடுவதும் ஊர் சிரிப்பதும் மட்டும்தான் கேட்டது. என்ன சொன்னார்கள் என்று யாரும் கீழே வந்து சொல்லவில்லை.

ஆர்விலின் அப்பா நாற்பது பசுக்கள் வைத்திருந்தார். மகன் காலத்தில் அவை ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் கொட்டகையும் சாய்ந்தது. ஆர்வில் பால் லாரி ஓட்டப் போனார். ஆரம்பத்தில் அவர் வழியில் இருபத்திரண்டு பண்ணைகள் இருந்தன. ஓய்வு பெற்ற அன்று ஐந்து. தான் ஒரு சாவு ஊர்வலத்தை முப்பத்தொரு வருடம் மெதுவாக ஓட்டியதாக அவரே சொல்வதுண்டு. பேச்சில் கசப்பு இருக்கும், ஆனால் பேசும் ஆளைப் பார்த்தால் கசப்பான ஆளாகத் தெரியாது. காரணம், அவரிடம் இன்னொரு வேலை இருந்தது. பண்ணைகள் மூடின, பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள், தபால் நிலையத்தைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். மார்ச் செவ்வாய்க்கிழமை மட்டும் அப்படியே இருந்தது. அந்த நாளுக்கு அவர்தான் நடுவர்.

1989இல் பழைய நடுவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கூட்டத்தின் முதல் தீர்மானமே அன்றைய நடுவரைத் தேர்ந்தெடுப்பது. "ஆர்விலுக்குக் குரல் பெருசு, லாரிச் சத்தத்துக்கு மேல பேசிப் பழகினவன்" என்றார் ஒருவர். அவ்வளவுதான். அதன் பிறகு இருபத்தாறு வருடம் அவரே.

நல்ல நடுவர். யார் பேசினாலும், அது தம்பியாக இருந்தாலும், தன்னை "நடுவரே" என்று அழைத்த பிறகுதான் பேச விடுவார். ஒருவரை ஒருவர் பார்த்துத் திட்டக் கூடாது. திட்டுவதானால் நடுவரைப் பார்த்துத் திட்ட வேண்டும். "நடுவரே, மூணாவது வரிசைல இருக்கிற அந்த மனுஷனுக்கு வடிகால்னா என்னன்னே தெரியாதுன்னு நீங்க அவர்கிட்ட சொல்லணும்" என்று ஒருவர் கேட்க, "சொல்லிட்டேன். அடுத்தவர்" என்பார் ஆர்வில். எந்தப் பக்கமும் சாய மாட்டார். சரிசமமாக வரும்போது மட்டும்தான் அவருக்கு ஓட்டு. இருபத்தாறு வருடத்தில் அது இரண்டே தடவை வந்தது.

எல்லாவற்றுக்கும் மேல் அவர் வேகம். ஒரு தீர்மானத்தின் முடிவைச் சொல்லிய அதே மூச்சில் அடுத்ததை வாசிக்கத் தொடங்கிவிடுவார். தோற்றவன் முணுமுணுக்கவும், ஜெயித்தவன் சிரிக்கவும் இடைவெளி இருக்காது. சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சுத்தியலைத் தட்டி எல்லோரையும் சாப்பாட்டுக்கு அனுப்பிவிடுவார். கீழே அடுப்பில் விடிகாலையிலிருந்து வேகும் பீன்ஸ் பயறும் பன்றித் தொடையும் சூடாக இருக்கும். "டட்டன் நடத்தினா பீன்ஸ் ஆறாது" என்பது பக்கத்து ஊர்களிலும் தெரிந்த பேச்சு.

ஒவ்வொரு பிப்ரவரியும் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் போய்ப் பேசுவார். ஊரின் முதல் பதிவேட்டை, எழுத்தரிடம் கெஞ்சி வாங்கி, துணியில் சுற்றி எடுத்துப்போவார்.

"அரசாங்கம் மூணு வகை" என்று விரலை நீட்டுவார். "ஒருத்தன் ஆளறது, சில பேர் ஆளறது, எல்லாரும் ஆளறது. வாஷிங்டன்ல இருக்கறது மூணாவது மாதிரி சட்டை போட்டுக்கிட்ட ரெண்டாவது. நாம ஆளனுப்பறோம், அவன் நமக்காகப் பேசறான்னு நம்பிக்கிட்டுத் தூங்கறோம். பெல்டன்ல ஆளனுப்பறதில்ல. நாமளே போறோம்."

பிறகு பதிவேட்டைத் திறப்பார். 1783. இந்த நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதுவதற்கு நாலு வருடம் முன்பு. அப்போது வெர்மான்ட் எந்த நாட்டோடும் சேராமல் தனியாக நின்றது. ஒரு வைக்கோல் கொட்டகையில் கூடிய பெல்டன்காரர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்த விஷயங்கள் அந்தப் பக்கத்தில் இருந்தன: பாலத்துக்கு மரம் யார் தருவது, காளைகளை அவிழ்த்துவிடலாமா, பிரசங்கியாரைக் கோடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா. "பெரிய மனுஷங்க பெரிய வார்த்தையெல்லாம் அப்புறமா எழுதினாங்க. வேலைய இவங்க அதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சுட்டாங்க" என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் குரல் லேசாக உடையும். பிள்ளைகள் அதைக் கேட்டு ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள்.

2015ஆம் ஆண்டு ஜனவரியில், கூட்டத்துக்கான அறிவிப்பு மூன்று இடங்களில் ஒட்டப்பட்டது. ஏழாவது தீர்மானத்தைப் படித்ததும் ஆர்வில் கடை வாசலிலேயே நின்று இன்னொரு தடவை படித்தார். இனிமேல் ஊர் விவகாரங்கள் எல்லாவற்றையும் கூடிப் பேசி முடிவு செய்யாமல், அச்சிட்ட ஓட்டுச்சீட்டில் முடிவு செய்யலாமா? சீட்டை வீட்டுக்கே தபாலில் வாங்கலாம். விரும்பினால் மண்டபத்துக்கு வந்து போடலாம். நிறைவேறினால், இந்தக் கூட்டம்தான் கடைசிக் கூட்டம்.

மனு கொடுத்தவர் நோரீன் வாலஸ். ஆஸ்பத்திரி நர்ஸ், ஊருக்கு வந்து ஒன்பது வருடம். கூட்டத்தன்று வேலை முடிந்த சீருடையோடேயே வந்திருந்தார்.

"நடுவரே" என்று எழுந்தார். "செவ்வாய்க்கிழமைன்னு நோயாளிங்க வராம இருக்கறதில்ல. ஒன்பது வருஷத்துல நான் வந்தது மூணு கூட்டம். அதுவும் இன்னொரு பொண்ணுகிட்ட கெஞ்சி ஷிஃப்ட் மாத்திக்கிட்டு. இந்த ஊர்ல ஓட்டு உள்ளவங்க முந்நூத்தி எண்பது பேர். இங்க இருக்கிறது நூத்திச் சொச்சம். மத்தவங்கல்லாம் சோம்பேறியா?"

பதில் சொல்ல எழுந்தவர்கள் சரியாகச் சொல்லவில்லை. ஒருவர் வெளியூர்க்காரர்கள் என்று ஆரம்பித்து, ஆர்வில் சுத்தியலைத் தட்டியதும் உட்கார்ந்தார். இன்னொருவர் கூட்டத்தின் பெருமையைச் சொல்லத் தொடங்கி, தன் வீட்டு முன்னாலிருக்கும் பள்ளத்துக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டார்.

ஆர்விலுக்குச் சொல்ல வேண்டியது நெஞ்சு வரை நிறைந்திருந்தது. வேண்டாம் என்று சொல்கிறவன் எழுந்து நின்று ஏன் என்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்டபின் மனம் மாறினாலும் மாறலாம். இது சீட்டில் நடக்காது. நடுவர் பேச நினைத்தால் மேடையை விட்டு இறங்கிப் பேசலாம், சட்டம் தடுக்கவில்லை. பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்த ஊர் எழுத்தர் லைமன் பெக் குனிந்து காதில் சொன்னார்: "இறங்கிப் பேசறியா? சுத்திய நான் பிடிச்சுக்கறேன்."

"நடுவர்னா நடுவர்தான்" என்றார் ஆர்வில்.

மணி பதினொன்று நாற்பது. படிக்கட்டு வழியாகப் பன்றித் தொடை வேகும் வாசனை மேலே வந்தது. "நடுவரே, பேசினது போதும், ஓட்டுக்கு விடுங்க" என்று ஒரு குரல். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். வாய் ஓட்டில் இரு பக்கச் சத்தமும் ஒன்றாகவே இருந்தது. எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள்.

"ஆம், ஐம்பத்தெட்டு. இல்லை, ஐம்பத்திநாலு. ஏழாவது தீர்மானம் நிறைவேறியது. எட்டாவது தீர்மானம், கல்லறைத் தோட்டத்தின் வடக்கு வேலியைப் பழுதுபார்க்க ஊர் சம்மதிக்கிறதா, யார் முன்மொழிகிறீர்கள்?"

ஒரே மூச்சு. இருபத்தாறு வருடப் பழக்கம். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், ஒருவர் எழுந்து கம்பி வேலியா மர வேலியா என்று கேட்டார்.

அப்போதுதான் படிக்கட்டுக் கதவு திறந்தது. ஹெஸ்டர் குயிம்பி, கையில் கரண்டியோடு. அவருக்குப் பின்னால், மாவு படிந்த மேலங்கிகளோடு இன்னும் இரண்டு மூன்று பேர்.

"ஏழாவது என்னாச்சு?"

"முடிஞ்சுது" என்றார் லைமன், தாளிலிருந்து பேனாவை எடுக்காமல். "ஆம் பக்கம். நாலு ஓட்டுல."

ஆர்வில் அந்த மேலங்கிகளைப் பார்த்தார். மனம் தானாகவே எண்ணியது. கீழே சமைப்பவர்கள் பன்னிரண்டு பேர். காலம் காலமாக ஊர்க்கூட்டத்துக்குச் சோறு போடுகிறவர்கள். அவர்களைவிட இந்தக் கூட்டத்தை நேசிப்பவர்கள் யார்? ஐம்பத்திநாலும் பன்னிரண்டும் அறுபத்தாறு.

எட்டாவது விவாதத்துக்கு வந்துவிட்டது. அடுத்த தீர்மானம் தொடங்கிவிட்டால், முடிந்ததை அதே கூட்டத்தில் திரும்ப எடுக்க முடியாது; அது மாநிலச் சட்டம், அவருக்கு மனப்பாடம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு எட்டாவதை வாசித்திருந்தால் போதும். அந்த இடைவெளியில் சமையலாட்கள் வந்து நின்றிருப்பார்கள். ஜெயித்த பக்கத்தில் யாராவது ஒருவர், "பாவம், இவங்களும் போடட்டுமே" என்று மறு ஓட்டுக் கேட்டிருப்பார். கதவைச் சாத்தியது வேறு யாருமில்லை, அவரேதான்.

"கம்பி வேலியா, மர வேலியா, நடுவரே?" என்று கேட்டவர் மறுபடி கேட்டார்.

மதியம் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது, பீன்ஸ் பரிமாறிக்கொண்டிருந்த ரோவீனாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீங்க பன்னெண்டு பேரும் மேல இருந்திருந்தா…"

"வரிசைய நிறுத்தாத ஆர்வில். பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

அன்றைய பீன்ஸ் சூடாகத்தான் இருந்தது. பாதித் தட்டை மிச்சம் வைத்து எழுந்தார்.

ஒரு வழி மிச்சமிருந்தது. முப்பது நாளுக்குள் நூற்றுக்கு ஐந்து வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால், ஊர் மறுபடி கூடி அதே தீர்மானத்தை மறு ஓட்டுக்கு எடுக்க வேண்டும். பெல்டனுக்குப் பத்தொன்பது கையெழுத்து. தோற்ற ஐம்பத்திநாலு பேரிடம் ஒரு மத்தியானத்தில் வாங்கிவிடலாம். ஆர்விலுக்கு அது வேண்டாம். தோற்றவர்கள் மனு கொடுத்தால் தோற்றவர்கள் புலம்பல் என்றுதான் ஊர் சொல்லும். முதல் பன்னிரண்டு கையெழுத்தும் சமையலறையிலிருந்து வரவேண்டும். அநியாயம் நடந்தது அவர்களுக்கு. அவர்கள் கேட்டால் மறுக்க எவனுக்கும் முகம் இருக்காது.

நடுவர் மனு எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தார். யோசித்து, எழுதினார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பக்கம் சாய்ந்தார்.

பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகிவிட்டிருந்தது. முதல் வீட்டில், "கை ஈரமா இருக்கு ஆர்வில், அப்புறம் பாக்கலாமே" என்றார்கள். இரண்டாவது வீட்டில் காப்பி கொடுத்தார்கள், பழக்கேக் கொடுத்தார்கள், வானிலை பேசினார்கள். தாளை மட்டும் யாரும் தொடவில்லை. மூன்றாவது வீட்டில் திரைச்சீலை அசைந்தது, கதவு திறக்கவில்லை. அவருக்குக் குழப்பமாக இருந்தது. கோபமாக இருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டார். தங்களை விட்டுவிட்டு ஓட்டெடுத்ததற்குக் கோபம். நியாயம்தான், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கியபடி ஹெஸ்டர் வீட்டுக்குப் போனார்.

ஹெஸ்டர் குயிம்பி மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகையில் இருந்தார். அகன்ற தொட்டியிலிருந்து ஆவி கூரையை முட்டிக்கொண்டிருந்தது. எழுபத்திரண்டு வயது, கணவர் இல்லை, விறகைத் தானே தூக்கிப் போடுவார்.

"வா. காகிதம் நனையாம வெச்சுக்கோ. எல்லார் வீட்டுக்கும் போனியாமே."

"யாரும் போடல ஹெஸ்டர். என் மேல கோபம் போல. நான் பண்ணினது தப்புத்தான். நீங்க வர்ற வரைக்கும் நான் நிறுத்தியிருக்கணும்…"

"குடு, நான் போடறேன்." ஈரக் கையை மேலங்கியில் துடைத்தார். "ஆனா ஒண்ணு. திரும்ப ஓட்டு வந்தா நான் ஆம்னுதான் போடுவேன். பரவாயில்லையா?"

ஆர்வில் நீட்டிய தாள் நீட்டியபடியே நின்றது.

"என்ன சொல்ற?"

"ஆம்னு. சீட்டு வரட்டும்னு." ஒரு விறகை அடுப்பில் தள்ளினார். "நாங்க அன்னிக்கே கீழ எண்ணிப் பாத்துட்டோம். மேல நாற்காலி சத்தம் கேட்டுது, எண்ணறாங்கன்னு தெரிஞ்சுது. சரி, நாமளும் பண்ணுவோம்னு பீன்ஸ் சட்டிய சுத்தி நின்னு கை தூக்கினோம். ஒன்பது பேர் ஆம், மூணு பேர் இல்ல. கூட்டிக்கோ. அறுபத்தேழு, அம்பத்தேழு. நாங்க மேல வந்திருந்தா நீ நாலுல தோத்திருக்க மாட்ட. பத்துல தோத்திருப்ப."

ஆர்வில் நீட்டிய தாளை இறக்கினார்.

"எதுக்கு?" என்றார் ஆர்வில். "ஹெஸ்டர், எதுக்கு? உங்களுக்கு இந்தக் கூட்டம்…"

"எனக்கு இந்தக் கூட்டம் உருளைக்கிழங்கு ஆர்வில். நாப்பது வருஷமா உருளைக்கிழங்கு. நடுவர் தேர்தல், ஊர்க்குழு, சாலை, பட்ஜெட், எல்லாம் காலைலயே முடிஞ்சுடும். சாப்பிட்டு முடிச்சு, தட்டுக் கழுவி, கை தொடைச்சுக்கிட்டு மேல வந்தா என்ன மிச்சமிருக்கும்? நூலகத்துக்கு யார் நன்றி சொல்றதுன்னு ஒரு தீர்மானம்."

"ஒரு தடவையாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"தொண்ணூத்தாறுல சொன்னேன். மேல வந்து, கைய தூக்கி, நடுவரேன்னு கூப்பிட்டு, முறையாத்தான் கேட்டேன். பட்ஜெட்ட சாப்பாட்டுக்கு அப்புறம் வெச்சுக்கலாமான்னு. 'பால் கறக்க நேரமாயிடும் ஹெஸ்டர், பசுமாடு உன் பீன்ஸுக்காகக் காத்திருக்காது'ன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. நல்ல ஜோக்குத்தான். நானும் சிரிச்சேன்."

ஆர்வில் நினைவைத் துழாவினார். இத்தனை கூட்டங்களில் தான் சொன்ன நகைச்சுவைகள் பல அவருக்கு வரிசையாக ஞாபகமிருந்தன. இது இல்லை.

"ரோவீனா?" என்று கேட்டார். "அவ எந்தப் பக்கம்?"

"அத வீட்ல போய்க் கேளு. அடுத்தவ ஓட்ட நான் சொல்ல மாட்டேன்." ஹெஸ்டர் தாளை வாங்கவே இல்லை. ஒரு சிறு புட்டியில் புதுப் பாகை ஊற்றி மூடி, அவர் கையில் திணித்தார். "பத்திரமா போ. வளைவுல சேறு அதிகம்."

ரோவீனா சமையல் மேசையில் உட்கார்ந்து நாளிதழில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். ஆர்வில் காலணியைக் கூடக் கழற்றவில்லை.

"ஹெஸ்டரப் பாத்துட்டு வரேன்."

ரோவீனா பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லிட்டாளா?"

"நீ எந்தப் பக்கம்?"

"ஆம்."

அந்தச் சொல்லை அவர் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பார். மண்டபம் முழுக்க ஒன்றாகச் சொல்ல, அதை எடைபோட்டு முடிவு சொல்வதுதானே அவர் வேலை. ஒரே ஒரு வாயிலிருந்து வந்த "ஆம்" இவ்வளவு கனமாக இருக்கும் என்று தெரியாது.

"நாப்பத்தஞ்சு வருஷம்" என்றார் ரோவீனா. "இந்த ஊர் பட்ஜெட்டுக்கு ஒரு தடவை கூட நான் கை தூக்கினதில்ல. பள்ளிக்கூடத்துக்கு இல்ல, சாலைக்கு இல்ல. ஏன், உனக்கே தூக்கினதில்ல. அது முதல் தீர்மானம். நான் அப்போ பன்னித் தொடைய அடுப்புல ஏத்திக்கிட்டிருப்பேன்."

"சமைக்கச் சொல்லி உங்கள யாரும் கட்டாயப்படுத்தலையே." சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது.

"இல்ல. யாரும் கட்டாயப்படுத்தல." ரோவீனாவின் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "சமைக்காம இருந்தா என்னாயிருக்கும்னு யோசிச்சியா? பன்னெண்டு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பாங்க. மத்தியானம் உன் கூட்டத்துல நீயும் லைமனும் மட்டும் உக்காந்திருப்பீங்க. நாங்க கீழ இருந்ததாலதான் மேல கூட்டம்னு ஒண்ணு இருந்துது."

"எனக்கு எதிரா ஓட்டுப் போட்டிருக்க."

"உனக்கு எதிரா இல்ல ஆர்வில்." கொஞ்சம் யோசித்தார். "கொஞ்சம் உனக்கு எதிராவுந்தான்."

அவர் அன்று சாயங்காலம் வரை கொட்டகை இருந்த இடத்தில் போய் நின்றுகொண்டிருந்தார். பள்ளியில் தான் சொல்லும் மூன்று வகை நினைவுக்கு வந்தது. எல்லாரும் ஆளறது என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எத்தனை வருடம் விரலை நீட்டியிருக்கிறார்! அந்தப் பழைய பதிவேட்டில் ஒரு விதவை உண்டு. சொந்தப் பண்ணை வைத்திருந்தவர். பாலத்துக்கு அதிக மரம் கொடுத்தவர் அவர்தான் என்று எழுதியிருக்கும். அந்தப் பாலத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. ஆர்வில் அந்த வரியை நூறு தடவை உரக்கப் படித்திருக்கிறார், மரத்தின் அளவைச் சொல்வதற்காக.

மனுவை அவர் கிழிக்கவில்லை. தன் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டுவைத்தார். ஒரு கையெழுத்தும் இல்லாமல் அது அங்கேயே வெயிலில் மஞ்சளானது. முப்பது நாள் முடிந்தது.

அடுத்த வருடம், ஓட்டுக்கு முந்தைய நாளான திங்கட்கிழமை மாலையில், சட்டப்படி ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. ஓட்டு கிடையாது, கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். ஆர்வில்தான் நடுவர். ஆறு பேர் வந்திருந்தார்கள், அவரையும் லைமனையும் சேர்த்து. தீயணைப்புப் படைக்குப் புது வண்டி வாங்கும் தீர்மானத்தை வாசித்து, "கேள்வி உண்டா?" என்றார். யாருக்கும் கேள்வி இல்லை. பழைய வண்டி ஏற்றத்தில் திணறுவதைப் பார்க்காதவர் ஊரில் இல்லை. இதை யார் எதிர்க்கப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இருபது நிமிடத்தில் விளக்கை அணைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆர்விலும் ரோவீனாவும் மண்டபத்துக்கே போய் ஓட்டுப் போட்டார்கள். நாற்காலிகள் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் திரை தொங்கும் நான்கு மறைப்புகள். ஆட்கள் வந்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். நோரீன் வாலஸ் வேலைக்குப் போகும் வழியில், வண்டியை அணைக்காமலேயே ஓடிவந்து போட்டுவிட்டு ஓடினார். படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது.

ஆர்வில் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு வந்தார். ரோவீனா வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம்.

"உன் வீட்டம்மா உள்ள கதை எழுதறாங்களா?" என்றார் லைமன்.

திரைக்குக் கீழே ரோவீனாவின் குளிர்காலக் காலணிகள் மட்டும் தெரிந்தன. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக அவர் படித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. சீட்டை இரண்டாக மடித்து, பெட்டிக்குள் விட்டு, விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார்.

மாலை ஏழரைக்கு லைமன் தொலைபேசியில் கூப்பிட்டார். இருநூற்றுப் பதினொரு பேர் போட்டிருக்கிறார்கள். ஊர் விவகாரத்துக்குப் பெல்டன் வரலாற்றிலேயே இவ்வளவு பேர் போட்டதில்லை. பட்ஜெட் தேறியது. தீயணைப்பு வண்டி தோற்றுவிட்டது, நூற்றுப் பத்தொன்பதுக்குத் தொண்ணூற்றிரண்டு.

"யார் வேணாம்னாங்க?" என்றார் ஆர்வில்.

"யாருக்குத் தெரியும்?"

"ஏன் வேணாம்னாங்க?"

"அது அதவிடத் தெரியாது. சீட்டுல கட்டம்தான் இருக்கு ஆர்வில், காரணம் எழுத இடம் இல்ல. முன்னெல்லாம் ஒருத்தன் வேணாம்னா எழுந்து நின்னு உளறவாவது உளறணும். நாளைக்குக் கடைல எல்லார் மூஞ்சியையும் பாத்துக்கிட்டே நிக்கப் போறேன், இவனா இவனான்னு."

ஆர்வில் தொலைபேசியை வைத்தார். ரோவீனா மேசைக்கு எதிரில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?" என்றார்.

"வண்டி தோத்துப் போச்சு."

"ஓ" என்றார் ரோவீனா. கரண்டி ஒரு கணம் நின்று, மறுபடி கிண்ணத்துக்குள் போனது. வருத்தப்படுகிறாரா, இல்லையா? நாற்பத்தாறு வருடம் பார்த்த முகம். அவரால் படிக்க முடியவில்லை.

கேட்கலாமென்று வாயைத் திறந்தார். ஊர் விவகாரத்தில் ரோவீனா முழுதாகப் போட்ட முதல் ஓட்டு அது என்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு ரொட்டியைப் பிட்டார்.